‘ஏன் கூடாது?’: கத்பர்ட் ஹீத் என்கிற இன்சூரன்ஸ்காரர்

இன்னிக்கு நாம பேசப்போறது ஒரு இன்சூரன்ஸ்காரரைப் பத்தி. இயர்போனைக் கழட்டிடாதீங்க, பாலிசி எதுவும் விக்கப் போறதில்லை. இந்த எபிசோடுக்கு ஸ்பான்சரும் கிடையாது.

அவர் பேர் கத்பர்ட் ஹீத். 1859ல் பிறந்து 1939ல் இறந்த பிரிட்டிஷ்காரர். லண்டனில் லாயிட்ஸ்னு ஒரு இன்சூரன்ஸ் சந்தை இருக்கு. வாழ்க்கை முழுக்க அவருக்கு அங்கேதான் வேலை. திருட்டுக்கு இன்சூரன்ஸ், நிலநடுக்கத்துக்கு இன்சூரன்ஸ், தீப்பிடிச்சு கடையை மூடிவைக்கிற மாசங்களில் போகிற லாபத்துக்கு இன்சூரன்ஸ். இதெல்லாம் இன்னிக்கு நம்ம போன் ஸ்கிரீன்ல ஒரு டிக் பாக்ஸ். அந்தக் காலத்து லாயிட்ஸில் இதுல பலதுக்கு முதல் கையெழுத்துப் போட்டவர் ஹீத்.

ஆனா புதுசு புதுசா கண்டுபிடிச்சார்ங்கிறதுக்காக மட்டும் நான் இவரை எடுத்துக்கலை. நான் சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவன். எங்க வேலைல ஒருத்தர் புது ஃபீச்சர் கேட்டா மீட்டிங்கில் ‘பண்ணிடலாம்’னு சொல்றது ரொம்ப ஈஸி. ராத்திரி 2 மணிக்கு அது உடைஞ்சு விழும்போது எழுந்து உட்கார்றது யாருங்கிறதுதான் விஷயம். ஹீத் 20 வருஷமா எல்லாத்துக்கும் ‘பண்ணிடலாம்’னு சொல்லிட்டு வந்தார். 1906ல் ஒருநாள் ராத்திரி 2 மணி வந்துச்சு. அப்போ அவர் என்ன செஞ்சார், அதை எப்படி அவரால செய்ய முடிஞ்சது? இந்த எபிசோடு அதைப் பத்தினதுதான்.

முதல்ல லாயிட்ஸ்னா என்னன்னு சொல்லிடறேன். பலரும் அதை ஒரு கம்பெனின்னு நினைக்கிறாங்க. அது கம்பெனி கிடையாது, சந்தை. கோயம்பேடு மாதிரின்னு வெச்சுக்கங்க. கூரை ஒண்ணு, கடைகள் பல.

1680கள்ல எட்வர்ட் லாயிட்னு ஒருத்தர் லண்டனில் காபி கடை வெச்சிருந்தார். கப்பல்காரர்களும் வியாபாரிகளும் அங்க கூடுவாங்க. ‘என் கப்பல் போயிட்டுத் திரும்பி வராம போனா யார் ஈடு கட்டுவீங்க?’ன்னு ஒருத்தர் கேட்பார். ஆபத்து என்னன்னு ஒரு காகிதத்துல எழுதி, அதுக்குக் கீழே ‘இதுல இவ்வளவு பங்கு என்னோடது’ன்னு பணக்காரர்கள் வரிசையாக் கையெழுத்துப் போடுவாங்க. கீழே எழுதுறவர்ங்கிற அர்த்தத்துலதான் அண்டர்ரைட்டர்ங்கிற வார்த்தையே வந்தது.

இதுல ஒரு பயங்கரமான ஷரத்து இருந்தது. கையெழுத்துப் போட்டவரோட பொறுப்புக்கு எல்லையே கிடையாது. கம்பெனியில பங்கு வாங்கினா, போட்ட பணம் மட்டும்தான் போகும். லாயிட்ஸ் உறுப்பினருக்கு வீடு, நிலம், கடைசியில சட்டைப் பொத்தான் வரைக்கும் போகலாம். ஹீத் காலத்துலயும் இதுதான் விதி. அடுத்து நான் சொல்லப்போற ஒவ்வொரு கதையிலும் இதை மனசுல வெச்சுக்கங்க. அவர் ‘சரி’ன்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் பணயம் வெச்சது தன் சொந்தச் சொத்தை.

சரி, ஆள் யாரு?

கடற்படைக் குடும்பம். அப்பா சர் லியோபோல்ட் ஹீத், பிரிட்டிஷ் கடற்படை அட்மிரல். 1867ல இருந்து 1870 வரைக்கும் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவுக்குத் தலைமை தாங்கினவர். நம்ம பக்கத்துத் திருகோணமலைத் துறைமுகம் அந்தப் பிரிவோட முக்கியத் தளம். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில அடிமை வியாபாரக் கப்பல்களைத் துரத்திப் பிடிக்கிற வேலையும் அவர் பொறுப்பில இருந்தது. ஹீத்தோட சகோதரர்களில் ஒருத்தர் அட்மிரல் ஆனார், இன்னொருத்தர் ராணுவத்துல மேஜர் ஜெனரல். அந்த வீட்டுப் பையன் கடலுக்குப் போறதுங்கிறது, நம்ம ஊரு மிடில் கிளாஸ் பையன் இன்ஜினியரிங் சேர்றது மாதிரி. யாரும் கேள்வியே கேட்கமாட்டாங்க.

ஆனா கத்பர்ட்டுக்கு சின்ன வயசுலயே காது சரியாக் கேட்காம போயிடுச்சு. கடற்படைக் கதவு மூடியாச்சு. பிரைட்டன்ல பள்ளிப் படிப்பு, அப்புறம் மொழி கத்துக்க பிரான்ஸும் ஜெர்மனியும். 1877ல், 18 வயசுல, லண்டன்ல ஒரு புரோக்கர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தார். 1880ல் லாயிட்ஸ் உறுப்பினர். அப்பா கொடுத்த 7,000 பவுண்டுதான் முதல். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. ‘ஒண்ணுமில்லாம வந்து ஜெயிச்சவர்’ கதையா இதை நான் சொல்லப்போறதில்லை.

அவர் உள்ள நுழையும்போது லாயிட்ஸ்னாலே கப்பல்தான். தீ, திருட்டு மாதிரி நிலத்துல நடக்கிற சமாசாரத்துக்கெல்லாம் வேற கம்பெனிகள் இருந்தன. லாயிட்ஸ்காரங்களுக்கு அதுல பெரிய ஆர்வம் கிடையாது. வயசுல பெரியவங்க, அனுபவசாலிகள், கப்பல் பிசினஸை இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. இருபதுகளில் இருக்கிற, காது கேட்காத ஒரு புதுப் பையன் அங்க போய் என்ன பண்ணமுடியும்? யாரும் உட்காராத நாற்காலியைத்தான் தேடணும்.

அது 1880களின் நடுவில் கிடைச்சது. ஹேண்ட் இன் ஹேண்ட்னு ஒரு தீ இன்சூரன்ஸ் கம்பெனி. 1696ல் தொடங்கினது, அப்பவே கிட்டத்தட்ட 200 வயசு. அவங்க எடுத்துக்கிட்ட தீவிபத்து ஆபத்துல ஒரு பகுதியை வேற யார் தலையிலாவது இறக்கிவைக்கத் தேடினாங்க. இன்சூரன்ஸ் கம்பெனியே இன்னொருத்தர்கிட்ட இன்சூரன்ஸ் எடுக்கிறது, இதுக்குப் பேர்தான் மறுகாப்பீடு. ஹீத் எடுத்துக்கிட்டார். அந்தக் கம்பெனியில ஒரு டைரக்டர் யாருன்னா, அவங்க அப்பா. ஆமா, ரெஃபரல்தான். ரெஃபரல்ல உள்ள வந்தவர் அதுக்கு அப்புறம் என்ன செஞ்சார்ங்கிறதைத்தான் நாம பார்க்கணும்.

கொஞ்ச வருஷம் கழிச்சு ஒரு புரோக்கர் அவர்கிட்ட தீ பாலிசிக்காக வந்தார். பேச்சோட பேச்சா, ‘இதுலயே திருட்டையும் சேர்த்து எழுத முடியுமா?’ன்னு கேட்டார். அப்படி ஒண்ணு அதுவரைக்கும் லாயிட்ஸில் கிடையாது. லாயிட்ஸ்ல இன்னிக்கும் சொல்ற கதைப்படி, ஹீத் கொடுத்த பதில் ரெண்டே வார்த்தை. ‘ஏன் கூடாது?’

இந்த ரெண்டு வார்த்தை அவரோட பஞ்ச் டயலாக் மாதிரி ஆகிடுச்சு. நகை வியாபாரிகள் வந்தாங்க. அவங்க சரக்கு கடையில இருக்கும், பயணத்துல இருக்கும், வாடிக்கையாளர் கையில இருக்கும். எங்க தொலைஞ்சாலும், எப்படித் தொலைஞ்சாலும் சேர்த்துக் காப்பாத்துற மாதிரி ஒரே பாலிசியை எழுதிக் கொடுத்தார். தீப்பிடிச்சா கட்டடத்துக்குப் பணம் கிடைக்கும், ஆனா கட்டடம் திரும்ப எழும்புற வரைக்கும் வியாபாரம் படுத்துக்குமே, அந்த லாபத்துக்கு? அதுக்கும் எழுதினார். 1901ல் லண்டனில் பெரியம்மை பரவினப்போ அதுக்கும் பாலிசி. அதுல ஒரு கண்டிஷன் இருந்தது, தடுப்பூசி போட்டவங்களுக்குத்தான் ரேட் மலிவு. தடுப்பூசி வேண்டாம்னு பெரிய இயக்கமே நடந்துட்டிருந்த ஊர்ல, எந்தப் பிரச்சாரமும் இல்லாம ஒரு விலைப்பட்டியல் தன் கருத்தைச் சொல்லிடுச்சு பாருங்க.

இதுவரைக்கும் கேட்டா, எது கேட்டாலும் தலையாட்டுற தைரியசாலி சூதாடி மாதிரி தெரியும். எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. அந்த நோட்டுப் புத்தகத்தைப் பத்திப் படிச்சதும் அபிப்பிராயம் மாறிடுச்சு.

நிலநடுக்கத்துக்கு எவ்வளவு பிரீமியம் வாங்குவீங்க? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. தீவிபத்துன்னா, ஒரு ஊர்ல வருஷத்துக்கு எத்தனை வீடு எரியுதுன்னு கணக்கு இருக்கும். மனுஷன் சாகிறதுக்கு வயசு வாரியா அட்டவணையே இருக்கு. நிலநடுக்கம்? ஒரு ஊர்ல 100 வருஷம் ஒண்ணுமே நடக்காது. அப்புறம் ஒரே நிமிஷத்துல ஊரே இருக்காது. போன 10 வருஷ டேட்டாவைப் பார்த்தா ஆபத்து பூஜ்யம்னு வரும். அந்தப் பூஜ்யத்தை நம்பி விலை போட்டவன் தெருவுக்கு வந்துடுவான்.

ஹீத் பின்னாடி போனார். உலகத்துல எங்கெங்கே, எப்பெப்போ நிலநடுக்கம் வந்ததுன்னு பழைய பதிவுகளைத் தேடித் தேடித் தொகுத்தார். ஊர், வருஷம், சேதம். லாயிட்ஸ் வரலாற்றில் இதை ஹீத்தோட நிலநடுக்கப் புத்தகம்னே சொல்றாங்க. புயலுக்கும் இதே மாதிரி ஒரு தொகுப்பு. புரோக்கர் வந்து ஏதோ ஒரு ஊர் பேரைச் சொன்னா, அதைப் பார்த்து ரேட் சொல்லுவார்.

கம்ப்யூட்டர் கிடையாது, நில அதிர்வியலே அப்போ தவழ்ந்துட்டிருந்த குழந்தை. இன்னிக்கு பேரிடர் மாடலிங்னு பெரிய பெரிய கம்பெனிகள் சர்வர் சர்வரா ஓட்டுற வேலையோட முதல் வெர்ஷனை ஒரு மனுஷன் கையால எழுதி வெச்சிருந்தார். டேட்டா சயின்ஸ் கோர்ஸ் பண்ணின நண்பர்களுக்கு ஒண்ணு சொல்றேன். அவர் செஞ்சதுல நான் ரொம்ப ரசிக்கிறது ஃபார்முலாவை இல்லை. டேட்டா இல்லைங்கிற இடத்துல ‘டேட்டா இல்லை’ன்னு சொல்லிட்டு நிறுத்தாம, பழைய பதிவுகள்ல பின்னாடி போய் அதைத் தேடி உருவாக்கினாரே, அதைத்தான். ‘ஏன் கூடாது?’ங்கிற அந்த ரெண்டு வார்த்தைக்குப் பின்னாடி இவ்வளவு வீட்டுப்பாடம் இருந்தது.

இப்போ 1906.

ஏப்ரல் 18, காலை 5 மணி 12 நிமிஷம். சான் பிரான்சிஸ்கோ. கிட்டத்தட்ட 4 லட்சம் பேர் வாழ்ந்த நகரம். ரிக்டர் அளவெல்லாம் அப்போ கிடையாது, பிற்பாடு போட்ட கணக்குப்படி 7.9. ஆனா நகரத்தை அழிச்சதுல பெரும்பங்கு தீயோடது. எரிவாயுக் குழாய்கள் உடைஞ்சு தீப்பிடிச்சது. தண்ணிக் குழாய்களும் உடைஞ்சதால அணைக்கத் தண்ணி இல்லை. தீ பரவாம இருக்கட்டும்னு வரிசையா கட்டடங்களை வெடி வெச்சுத் தகர்த்தாங்க, அதுலயும் புதுசா தீப்பிடிச்சது. 3 நாள் எரிஞ்சது. 28,000க்கும் அதிகமான கட்டடங்கள் போச்சு. 3,000 பேர் வரைக்கும் செத்திருப்பாங்கன்னு பின்னாடி வந்த ஆய்வுகள் சொல்லுது. பாதிக்கும் மேல ஜனங்களுக்கு வீடில்லை.

வீடு போனவங்கள்ல நிறைய பேர்கிட்ட இன்சூரன்ஸ் இருந்தது. தீ இன்சூரன்ஸ். இங்கதான் சிக்கல். தீ பாலிசிகள்ல பல வகை ஷரத்துகள். சிலதுல, நிலநடுக்கத்தால வந்த தீக்குப் பணம் கிடையாது. சிலதுல, கட்டடம் முதல்ல இடிஞ்சு விழுந்து அப்புறம் எரிஞ்சா, விழுந்த நொடியோட பாலிசி முடிஞ்சது. அப்போ உங்க வீடு விழுந்து எரிஞ்சதா, எரிஞ்சு விழுந்ததா? சாம்பல் மேட்டுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு இதை எப்படி நிரூபிப்பீங்க? நிலநடுக்கத்துல சேதமான தங்கள் வீட்டுக்குத் தாங்களே தீ வெச்சவங்களும் உண்டு. தீக்குத்தான் பணம் கிடைக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. அங்க இருந்த ஒரு ராணுவ அதிகாரியே இதைப் பதிவு பண்ணியிருக்கார்.

எதனால எதுங்கிற இந்த வழக்கு நமக்கும் புதுசில்லை. 2023 டிசம்பர்ல சென்னையில வெள்ளம் வந்தப்போ என் ஃப்ரெண்ட் ஒருத்தனோட கார் பேஸ்மென்ட் பார்க்கிங்ல மூழ்கிடுச்சு. வெள்ளத்துக்கு பாலிசி இருந்தது. தண்ணி வடிஞ்சதும் ஸ்டார்ட் ஆகுதான்னு பார்க்க சாவியைத் திருப்பினான். எஞ்சின் போச்சு. ‘எஞ்சின் போனது வெள்ளத்தால இல்லை, நீங்க ஸ்டார்ட் பண்ணினதால. எஞ்சின் பாதுகாப்பு தனியா எடுத்திருக்கணும்’னு கம்பெனி கையை விரிச்சிடுச்சு. சட்டப்படி அவங்க சொன்னது சரிதான். அவன் அதுக்கப்புறம் அந்தக் கம்பெனி பக்கமே போகலை, அதுவும் சரிதான்.

சான் பிரான்சிஸ்கோவில் இதே பேரம் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு நடந்தது. மொத்த இன்சூரன்ஸ் இழப்பு சுமார் 23.5 கோடி டாலர், 1906ம் வருஷத்து டாலர். பத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் திவால். 100 டாலருக்கு 75 தர்றோம், வாங்கிட்டுப் போங்கன்னு சொன்ன கம்பெனிகள் உண்டு. ஷரத்தைக் காட்டி ஒண்ணுமே தரமாட்டேன்னு அமெரிக்காவை விட்டே போன வெளிநாட்டுக் கம்பெனிகள் உண்டு. உள்ளூர்க் கம்பெனி ஒண்ணு கொஞ்சம் ரொக்கமாவும் மீதியைத் தன் சொந்தப் பங்குகளாவும் கொடுத்து சமாளிச்சது.

ஹீத் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த தன் ஏஜென்ட்டுக்கு ஒரு தந்தி அனுப்பினார். லாயிட்ஸ் வரலாற்றிலேயே அதிகமா எடுத்துச் சொல்லப்படுற தந்தி அது. அதோட சாரம் இதுதான்: நம்ம பாலிசிதாரர்கள் எல்லாருக்கும் முழுப் பணத்தையும் கொடுத்துடுங்க, பாலிசியில ஷரத்து என்ன இருந்தாலும் பரவாயில்லை.

லாயிட்ஸ் மொத்தமா கொடுத்தது 5 கோடி டாலருக்கும் மேலன்னு சொல்றாங்க.

இதை நான் தர்மப் பிரபு கதையா சொல்ல விரும்பலை. ஹீத் வியாபாரி. அமெரிக்கா அப்போதான் வளர்ந்துட்டிருந்த பெரிய சந்தை. முழுசா கொடுத்தவன் பேரை அந்த ஊர் மறக்காதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். மறக்கவும் இல்லை, இன்னிக்கும் லாயிட்ஸுக்கு மிகப்பெரிய சந்தை அமெரிக்காதான். ஆனா லாபக் கணக்குதான் காரணம்னு ஒதுக்கவும் எனக்கு மனசில்லை. அதே லாபக் கணக்கு மத்த கம்பெனிகளுக்கும் தெரியும். தெரிஞ்சும் அவங்களால கொடுக்க முடியலை, கொடுக்கிறதுக்குக் கையில பணமில்லை. சரியான முடிவு எதுன்னு தெரியறதும், அந்த முடிவை எடுக்கிற நிலைமையில இருக்கிறதும் வேற வேற.

ஹீத்தால எப்படி முடிஞ்சது? லாயிட்ஸோட அமைப்பு ஒரு காரணம். ஒரு பாலிசிக்குக் கீழே பல பேர் கையெழுத்து, ஒவ்வொருத்தருக்கும் ஒரு பங்கு. அடி பிரிஞ்சு விழும். இன்னொரு காரணத்தைப் புரிஞ்சுக்க 3 வருஷம் பின்னாடி போகணும்.

1903ல் லாயிட்ஸுக்குள்ளயே ஒரு அசிங்கம் நடந்தது. பர்னண்ட்னு ஒரு அண்டர்ரைட்டர். கடன் உத்தரவாத பாலிசிகள்ல மாட்டித் திவாலானார். உத்தரவாதம்னா என்ன? இவர் கடனைத் திருப்பிக் கட்டலைன்னா நான் கட்டறேன்னு எழுதிக்கொடுக்கிறது. அவர் தனக்காக மட்டும் கையெழுத்துப் போடலை, தன்னை நம்பிப் பணம் போட்டிருந்த மத்த உறுப்பினர்கள் சார்பாவும் போட்டிருந்தார். பொறுப்புக்கு எல்லையில்லைன்னு சொன்னேன்ல? அந்த விதி இப்போ அவங்க தலையில விழுந்தது.

இதுல பெரிய கேள்வி ஒண்ணு வெளியே வந்தது. லாயிட்ஸில் ஒருத்தர்கிட்ட நிஜமாவே பணம் இருக்கான்னு யாரும் பார்க்கிறதே இல்லை. உள்ள சேரும்போது டெபாசிட் உண்டு, அதுக்கப்புறம் அவர் எவ்வளவு எழுதறார், கொடுக்க வசதி இருக்கான்னு வருஷா வருஷம் பார்க்க ஆளில்லை. எல்லாரும் ஜென்டில்மேன், ஜென்டில்மேன்கிட்ட கணக்குக் கேட்கிறது மரியாதை இல்லை. அங்க இருந்த எண்ணமே அதுதான்.

ஹீத் தன் கணக்கைத் தானே முன்வந்து தணிக்கைக்குக் கொடுத்தார். அப்புறம் மத்தவங்களையும் நெருக்க ஆரம்பிச்சார். கோபம் வராம இருக்குமா? ‘என் கணக்கைப் பார்க்க நீ யாரு?’ங்கிற கோபம் எந்த ஆபீஸ்லயும் வரும். கோட் ரிவியூவை முதல்முதலா கொண்டுவந்த டீம் லீடைக் கேட்டுப் பாருங்க. 1908ல் லாயிட்ஸின் முக்கிய அண்டர்ரைட்டர்களைக் கூட்டி, வருஷா வருஷம் கணக்கைத் தணிக்கைக்கு உட்படுத்தச் சம்மதிக்கிறோம்னு கையெழுத்து வாங்கினார். வாங்கின பிரீமியத்தைச் சொந்தப் பணத்தோட கலக்காம தனி அறக்கட்டளையா வைக்கணும்ங்கிற முறையும் வந்தது. 1909ல் பிரிட்டனின் இன்சூரன்ஸ் கம்பெனிகள் சட்டத்துல லாயிட்ஸுக்கான தணிக்கை இடம்பிடிச்சது.

சான் பிரான்சிஸ்கோ தந்திக்குத்தான் சிலை வைப்பாங்க. என்னைக் கேட்டா, தந்தியை விட இதுதான் பெரிய வேலை. தந்தி ஒரு தடவை அனுப்பினது. தணிக்கை, தந்தி அனுப்ப முடியாத ஆளுங்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கிற ஏற்பாடு.

சான் பிரான்சிஸ்கோவுக்கு அப்புறம் இன்னொரு விஷயமும் வந்தது. இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன், ஏன்னா உலகம் முழுக்க இன்சூரன்ஸ் இன்னிக்கும் இதுல ஓடுது. பழைய மறுகாப்பீட்டில் ஒவ்வொரு பாலிசியிலும் பங்கு. உன் 100 ரூபாய் ஆபத்துல 30 என்னோடது, பிரீமியத்துலயும் 30 என்னோடது. ஆனா ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியைக் கொல்றது தினமும் வர்ற சின்னச் சின்ன கிளெய்ம் இல்லை. ஒரே நாள்ல ஊரே எரியறதுதான். அதனால ஹீத் வேற மாதிரி எழுதிக் கொடுத்தார். உதாரணத்துக்கு, ஒரு பேரிடர்ல 10 கோடி வரைக்கும் இழப்பு வந்தா அது உன் பாடு. 10 கோடியைத் தாண்டினா, தாண்டின பகுதி, ஒரு எல்லை வரைக்கும், என் பாடு. இதுக்குப் பேர் எக்ஸஸ் ஆஃப் லாஸ்.

சர்வர் ஓட்டறவங்களுக்கு இது உடனே புரியும். தினசரி டிராஃபிக்கை உங்க மெஷின் தாங்கும். பொங்கல் ரயில் டிக்கெட் திறக்கிற நிமிஷம் மாதிரி ஒரு கூட்டம் வந்தா மட்டும், வழியறதை வேற ஒருத்தர் ஏந்திக்கணும். வழியறது அபூர்வம், அதனால விலை கம்மி. ஆனா வழியற அன்னிக்கு அது இல்லைன்னா கம்பெனியே இல்லை. இன்னிக்குச் சென்னையிலயோ டோக்கியோவிலயோ ஒரு கம்பெனி உங்க வீட்டுக்கு வெள்ள பாலிசி தைரியமா கொடுக்குதுன்னா, அதுக்குப் பின்னாடி இந்த மாதிரி ஒரு ஏற்பாடு எங்கேயோ நிக்குது.

மிச்சத்தை வேகமாச் சொல்லிடறேன். 1911ல் லாயிட்ஸுக்குப் புதுச் சட்டம் வந்தது. எல்லா வகை இன்சூரன்ஸும் அதோட வேலைதான்னு சட்டத்துல எழுதினாங்க. ஹீத் முதல் தீ ஆபத்தை எடுத்துக்கிட்டு அப்போ கிட்டத்தட்ட 25 வருஷம் ஆகியிருந்தது. முதல் உலகப்போரில் ஜெர்மனியின் ஜெப்பலின் ஆகாயக் கப்பல்கள் குண்டு போட வந்தப்போ அதுக்கும் பாலிசி எழுதினார். லண்டன் வரைபடத்தை விரிச்சு, கட்டடம் எவ்வளவு, காலி இடம் எவ்வளவு, ஒரு குண்டு விழுந்தா எவ்வளவு தூரம் சேதம்னு கணக்குப் போட்டு ரேட் சொன்னாராம். சரக்கைக் கடனுக்கு வித்து, வாங்கினவர் ஏமாத்திட்டா ஈடு கட்டுற இன்சூரன்ஸுக்குன்னு 1918ல் டிரேட் இண்டெம்னிட்டிங்கிற கம்பெனி தொடங்கறதுலயும் முன்னாடி நின்னார். சர்ரேயில் இருந்த குடும்ப மாளிகை ஆன்ஸ்டி கிரேஞ்ச். போர் சமயத்துல காயம்பட்ட ராணுவ அதிகாரிகளுக்கு அதை ஆஸ்பத்திரியாக் கொடுத்தாங்க.

இவ்வளவு செஞ்சும் அவர் ஒருநாளும் லாயிட்ஸ் தலைவரா ஆகலை. ஒரு பெரிய ஹாலில் 100 பேர் ஒரே நேரத்துல பேசற இடத்துல, காது கேட்காம 50 வருஷத்துக்கும் மேல வியாபாரம் பண்ணின மனுஷன். 1939 மார்ச்சில் இறந்தார், வயசு 79. 80க்கு இன்னும் ரெண்டு வாரம்தான் இருந்தது.

பேர் மட்டும் தனியா ஓடிக்கிட்டே இருந்தது. அவர் தொடங்கின சி.இ. ஹீத் நிறுவனம் 1971ல் ஆஸ்திரேலியாவில் ஒரு சின்ன இன்சூரன்ஸ் ஏஜென்சியை வாங்கினது. பின்னாடி கை மாறி, கிளை பிரிஞ்சு, அது எச்.ஐ.எச்.னு பெரிய கம்பெனியா வளர்ந்தது. முதல் எழுத்து எச், ஹீத்தோட எச். வர்ற கிளெய்முக்குத் தேவையான பணத்தை ஒதுக்கி வைக்காமலே வருஷக்கணக்கா ஓட்டி, 2001 மார்ச்சில் அது சரிஞ்சது. பற்றாக்குறை 530 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும் போகலாம்னு கணக்குப் போட்டாங்க. அதுவரைக்கும் அந்த நாடு பார்த்த மிகப்பெரிய கம்பெனி வீழ்ச்சி அதுதான். ராயல் கமிஷன் விசாரணை நடந்தது, சிலர் ஜெயிலுக்கும் போனாங்க.

அந்த விசாரணையில என்னென்ன வெளியே வந்ததுன்னு அடுத்த எபிசோடில் பேசறேன். அது இதைவிட நீளமான கதை, கூட ஒரு காபி போட்டுக்கிட்டு வாங்க.